வீட்டுக் கந்தோர்த் துரை

ஒல்லாந்தர் 1796ஆம் ஆண்டு கொழும்பை ஆங்கிலேயரிடம் ஒப்புவித்துவிட்டுக் கப்பலேறியபோது இங்கே விட்டுச் சென்ற பொருள்களுள், வாய்க்கால்களையும் கோட்டைச் சுவர்களையும் விட நம்மவர் வாழ்க்கையை அதிகம் ஆட்டிப்படைத்தது கந்தோர் என்ற சொல்லேயாகும். யாழ்ப்பாணத்துப் பனங்காணிகளின் நடுவே பிறந்த பிள்ளை, நாலெழுத்து ஆங்கிலம் படித்து, இராத்திரி றெயிலில் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஓர் அறையில் பாயை விரித்து, விடிந்ததும் ஒரு கையில் குடையும் மறு கையில் சோற்றுப் பார்சலுமாகக் கந்தோருக்குப் போய், மாத முடிவில் ஊருக்கு மணியோடர் அனுப்பிவைத்த சரித்திரந்தான் நம்மிற் பாதிப்பேருடைய குடும்ப சரித்திரம். அந்தச் சரித்திரத்தில் ‘கந்தோர்’ பெயர்ச்சொல்லாயின் ‘போதல்’ அதன் வினைச்சொல். ஒன்றில்லாமல் மற்றதை எவரும் உச்சரித்ததில்லை. ஆனால் போகாமலே கந்தோர் நடத்துகின்ற ஒரு நூதனப் பிரகிருதி நம் காலத்தில் தோன்றியிருக்கிறது.

அத்தகைய ஒருவர் இரத்மலானையில், காலி வீதியிலிருந்து உள்ளே திரும்பும் எங்கள் ஒழுங்கையில், என் வீட்டுக்கு மதில் பொதுவான அடுத்த வீட்டில் வாசஞ்செய்கிறார். அயலவரின் பெயரை அச்சில் ஏற்றுவது பண்பன்று ஆகையால் அவரை வீட்டுக் கந்தோர்த் துரை என்றே குறிப்பிடுகிறேன். இவருடைய பாட்டனார் கோட்டையிலிருந்த ஓர் ஆங்கிலக் கம்பெனியில் முப்பது வருஷம் பேரேடு எழுதியவர். அவர் கூட்டிப் பெருக்கிய தொகைகள் கப்பலேறி இலண்டனுக்குப் போயின. பேரனாரும் ஏதோ ஓர் இலண்டன் வியாபார ஸ்தாபனத்துக்குத்தான் கணக்கு எழுதுகிறார். தொகைகள் மட்டும் கப்பலுக்குக் காத்திராமல் கண்ணாடி இழை வழியே போகின்றன. இடையில் நாடு சுதந்திரமடைந்ததையும் குடியரசானதையும் அந்தப் பேரேடு அறிந்துகொண்டதாகத் தெரியவில்லை.

துரை இந்த வாழ்வைத் தாமாக விரும்பி ஏற்றவரல்லர். 2020ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் திகதி மாலையில் நாடு முழுவதும் ஊரடங்கு என்று அறிவித்தார்கள். அன்று வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றியவர், அது பூஞ்சணம் பிடிக்கும்வரை மறுபடி அணியவில்லை. நோய் தணிந்து வெளியே காலெடுத்து வைக்கலாம் என்ற வேளையில் 2022 பிறந்தது. பெற்றோல் இல்லை, டீசல் இல்லை, மார்ச் முடிவில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. ஜூன் மாதத்தில் அரசாங்கமே தன் ஊழியர்களைப் பார்த்து வீட்டிலிருந்து வேலை செய்யுங்கள் என்று சொல்லும்படியாயிற்று. முச்சக்கர வண்டிக்கு வாரத்துக்கு ஐந்து லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு நாலு லீற்றர் என்று கட்டம் கட்டமான ஓர் அட்டைப் படத்தைக் காட்டி எண்ணெய் வாங்கிய அந்தக் காலத்தில், கந்தோருக்குப் போகாதிருப்பது சோம்பலாயிராமல் தேசபக்தியாகிவிட்டது. தூர இருந்து வேலை செய்வதற்கு ஆங்கிலத்தில் முதன்முதல் ஒரு பெயர் சூட்டிய ஜாக் நில்ஸ் என்ற அமெரிக்கர் அதைச் செய்ததும் 1973இல், உலகமே எண்ணெய்க்கு அல்லாடிய வருஷத்தில்தான். எண்ணெய் வற்றும்போதெல்லாம் மனிதனுக்கு வீட்டின் நினைவு வருகிறது போலும்.

பெற்றோல் திரும்பி வந்துவிட்டது. துரை திரும்பிப் போகவில்லை. கம்பெனி கந்தோர்க் கட்டடத்தின் பாதியை விட்டுவிட்டது. அந்தப் பாதிக்குள் துரையின் கதிரையும் இருந்தது. ஆகவே அவர் ஒரு மகா சங்கற்பம் செய்துகொண்டார். வேலையும் வாழ்வும் தராசின் இரு தட்டுகளாய்ச் சமநிலையில் நிற்க வேண்டும். வீட்டிலிருந்தும் ஒரு நிமிஷம் வீணாகக் கூடாது. இதற்காக ஐந்து வர்ணங்களில் ஒரு கால அட்டவணை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார். பிரமமுகூர்த்தத்தில் எழுவதற்குக் காவி, வேலைக்கு நீலம், தேகாப்பியாசத்துக்குப் பச்சை, குடும்பத்தோடு குலாவுவதற்கு றோஸ். மஞ்சள் எதற்கென்று நான் விசாரித்தேன். அட்டவணையைத் திருத்துவதற்காம். ஒரு மாதத்துக்குள் மஞ்சள் மற்ற நாலு வர்ணங்களையும் விழுங்கிவிட்டதை என் கண்ணால் கண்டேன்.

அடுத்ததாகக் கதிரை வந்தது. முதுகெலும்பின் வளைவுகளை எல்லாம் தானே அறிந்து தாங்கிக்கொள்ளும் என்று சொல்லப்பட்ட, ஒன்பது நெம்புகோல்களையுடைய சக்கரக் கதிரை. அதன் விலையை மனைவியிடம் பாதியாகவும் என்னிடம் முக்காலாகவும் சொன்னார். அதில் முதல் நாள் துரை அமர்ந்தார். இரண்டாம் நாள் மாமியார் காலைநீட்டி அமர்ந்து, முழங்கால் வலிக்கு இதமாயிருக்கிறதென்று நற்சாட்சிப் பத்திரம் வழங்கினார். மூன்றாம் நாளிலிருந்து பூனை. இப்போது துரை பாட்டனார் காலத்துச் சாய்மனைக் கதிரையில், மடியில் தலையணையும் தலையணைமேல் கணினியுமாக, இலண்டன் ஸ்தாபனத்தின் வரவு செலவுகளைப் பரிபாலித்து வருகிறார்.

இரணியன் வாங்கிய வரத்தை நீங்கள் அறிவீர்கள். மனிதனாலும் மிருகத்தாலும், உள்ளேயும் வெளியேயும், பகலிலும் இரவிலும் தனக்கு மரணம் வரக்கூடாதென்று கேட்டவனுக்கு, இரண்டும் கலந்த உருவத்தோடு, வாசற்படியிலே, அந்திப் பொழுதிலே முடிவு வந்தது. துரை உத்தியோகம் பார்ப்பதும் அதே வாசற்படியில்தான். இடுப்புக்கு மேலே மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியும். இடுப்புக்குக் கீழே நீலக் கட்டம் போட்ட சாரம். வீட்டுக்குள்ளே இருக்கிறார், ஆனால் வீட்டில் இல்லை. கந்தோரில் இருக்கிறார், ஆனால் கந்தோருக்குப் போகவில்லை. பகலா இரவா என்றால், குளிர்காலத்தில் இலண்டன் நம்மைவிட ஐந்தரை மணித்தியாலம் பின்னே நிற்பதால், அங்கே காலை ஒன்பதாகும்போது இங்கே மத்தியானம் இரண்டரை. அங்கே ஐந்து மணிக்கு வேலை முடியும்போது இங்கே இரவு பத்தரை. கொழும்புக் கம்பெனியோ காலை எட்டரைக்கே வருகைப் பதிவு கேட்கிறது. இப்படி இரண்டு நாள்களுக்கும் பிறந்த ஒரு நாளில் இவர் சீவிக்கிறார்.

அந்த நாளும் முற்றாக அவருடையதன்று. இரத்மலானை இலங்கையின் முதல் விமான நிலையம். 1935 நவம்பர் 27ஆம் திகதி சென்னையிலிருந்து வந்த சிறு விமானமொன்று இங்கே தரைதொட்ட நாள் முதல் எங்கள் ஆகாயம் எங்களுக்குச் சொந்தமில்லை. பெரிய விமானங்களைக் கட்டுநாயக்கா கவர்ந்துகொண்ட பின்னும், விமானமோட்டப் பழகுகிற பிள்ளைகள் சின்னஞ்சிறு விமானங்களில் ஏறுவதும் இறங்குவதும் மறுபடி ஏறுவதுமாக எங்கள் கூரையை வலம்வருகிறார்கள். இலண்டனோடு பேசிக்கொண்டிருக்கும்போதெல்லாம் துரை, ‘மன்னிக்க வேண்டும், ஒரு விமானம்’ என்று வாய்மூடுவார். மூன்று மாதத்தின் பின்னரே, தாம் ஏதோ ஒரு விமான நிலையத்துப் பிரயாணிகள் மண்டபத்தில் நிரந்தரமாகக் குடியிருப்பதாக அங்குள்ளவர்கள் அனுதாபத்தோடு எண்ணி வந்தார்கள் என்பது அவருக்குத் தெரியவந்தது.

இதைவிடச் சுவையானது பாண் விஷயம். கொழும்பிலே சூன் பாண் வண்டியை அறியாதார் இல்லை. முச்சக்கர வண்டியின் பின்னே கண்ணாடிப் பெட்டி கட்டி, அதற்குள் பாணும் பணிஸும் மாலு பாணும் அடுக்கி, பீத்தோவன் 1810இல் எலீஸ் என்பவளுக்காக இயற்றிய பியானோ மெட்டை ஒலிபெருக்கியில் அலறவிட்டுக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாய் வருவது. மேல்நாட்டுச் சங்கீதத்தை எங்கள் ஜனங்கள் வயிற்றால் இரசிப்பதற்கு அதுவே காரணம். ஒருநாள் மாலை நாலரைக்கு அந்த நாதம் யன்னல் வழியே புகுந்து இலண்டன் வரை செல்ல, அங்கிருந்த மேலதிகாரி, உங்கள் வீட்டில் யார் பியானோ பழகுவது என்று பரவசத்தோடு வினவினார். பாண் என்று சொல்லத் துரைக்கு நா எழவில்லை. ‘என் மகள்’ என்றார். அன்று முதல் அந்த ஆங்கிலேயர், பிள்ளையின் முன்னேற்றத்தைத் தவறாமல் விசாரிக்கிறார். நாள் தப்பாமல் ஒரே வேளையில் ஒரே மெட்டை ஒரு சுருதியும் பிசகாமல் வாசிக்கின்ற அந்தச் சிரத்தையை அவர் வேறெங்கும் கண்டதில்லையாம். சில சமயம் ஓசை தூரத்தில் ஆரம்பித்து நெருங்கி வந்து மீண்டும் தேய்ந்துபோவதை மட்டும் அவரால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

விமானமும் பாணும் வெளிப்பகை. உட்பகை ‘சும்மா’ என்ற மூன்றெழுத்துச் சொல். சும்மா இருத்தலை ஞானத்தின் முடிந்த முடிவாகக் கண்ட நம் சைவ மரபில், அந்த நிலையைத் துரைக்கு அவர் மனைவியார் நாளுக்குப் பத்துத் தடவை தீட்சையாகவே வழங்குகிறார்.

“இஞ்சேருங்கோ, சும்மாதானே இருக்கிறியள், உந்தத் தேங்காயை ஒருக்கா உரிச்சுத் தாருங்கோ.”

“இஞ்சேரப்பா, நான் வேலையிலை இருக்கிறன்.”

“ஓம் ஓம், இருங்கோ. இருந்துகொண்டே உரிக்கலாம்.”

கண்ணுக்குத் தெரிகிற மனிதன் கைக்கு அகப்படுகிற மனிதன் என்பது குசினியின் அநாதி சித்தாந்தம். இதை வெல்வதற்காகத் துரை தக்காளி முறையைக் கைக்கொண்டார். பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர், மாணவராயிருந்த 1980களின் பிற்பகுதியில், தக்காளி வடிவான சமையலறைக் கடிகாரத்தை முடுக்கிவிட்டு, இருபத்தைந்து நிமிஷம் படிப்பு, ஐந்து நிமிஷம் ஓய்வு என்று வகுத்த உபாயம் அது. எங்கள் வீடுகளில் தக்காளி சொதிக்குள் கிடக்குமேயன்றி மணியடிப்பதில்லை ஆகையால், துரை பிரஷர் குக்கரின் விசிலைக் கணக்கு வைத்துக்கொண்டார். மூன்று விசிலுக்கு ஓர் அமர்வு. பருப்பு அவிந்த நாளில் அவருடைய கணக்கு அரைவேக்காடாயிற்று. கடலை அவிந்த நாளில் தலைசுற்றிப் படுத்தார். இடியப்பம் அவித்த நாளில் விசிலே ஊதாதபடியால் எழுந்திருக்கவேயில்லை.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். எங்களுக்குத் தெற்கே சில மைல் தூரத்திலுள்ள பாணந்துறை மின் உபநிலையத்துக்குள் குரங்கொன்று புகுந்து தொடக்கூடாததைத் தொட்டதால் இலங்கை முழுவதும் இருண்டுபோயிற்று என்று மின்சக்தி மந்திரியே தெரிவித்தார். வாலில் தீ வைத்துக்கொண்டு இலங்கையை வெளிச்சமாக்கிப் போனவருடைய வம்சத்திலே இப்படியும் ஒரு வாரிசு. அன்று ஞாயிற்றுக்கிழமை, வேலையே கிடையாது. இருந்தும் துரை மதிலோரம் வந்து நின்று, “இண்டைக்குத்தான் ஐயா எல்லாம் செய்து முடிக்கலாமெண்டு இருந்தனான்” என்று பெருமூச்சு விட்டார். முடியாத வேலைக்கு ஒரு குரங்கு கிடைத்த ஆறுதல் அவர் முகத்திலே பிரத்தியட்சமாகத் தெரிந்தது.

பகல் முழுவதும் இப்படிப் பங்குபோடப்பட்டபின், வீடு உறங்கிய நடுநிசியில்தான் அவர் உண்மையில் வேலை செய்வது. எங்கள் யன்னலிலிருந்து பார்த்தால் நீல வெளிச்சத்தில் அவர் நெற்றி மட்டும் தெரியும். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தது. ஒருநாள் தேத்தண்ணீர் நேரத்தில் நானும் இருக்கையில், வீட்டை விட்டு ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை என்று அவர் அலுத்துக்கொண்டதைக் கேட்ட மாமியார், பூனையை இறக்கிவிட்டு அந்தச் சக்கரக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“தம்பி, எண்பத்துமூண்டிலை வீடில்லாமல் இஞ்சை இந்துக் கல்லூரியிலை ஆயிரமாயிரம் சனத்தோடை இருந்தனாங்கள். உங்கடை மாமா என்ன செய்தவர் தெரியுமே? எங்கேயோ ஒரு பிளேட் கடன் வாங்கி, விடிய எழும்பிச் சவரம் செய்து, இருந்த ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு கேற் மட்டும் நடந்து போவார். கந்தோரும் இல்லை, பஸ்ஸும் இல்லை. நிண்டுபோட்டுத் திரும்பி வருவார். வந்தாப் பிறகுதான் சோத்து வரிசையிலை நிக்கிறது, பிள்ளையளைப் பாக்கிறது எல்லாம். கேட்டால், கால் கேக்குது எண்டு சொன்னவர்.”

எவரும் ஒன்றும் பேசவில்லை. பூனை மட்டும் மறுபடி கதிரையில் ஏறப் பார்த்தது.

மறுநாட் காலை ஏழு மணிக்குத் துரை நீள்காற்சட்டை அணிந்து, குடையை எடுத்துக்கொண்டு, படலையைத் திறந்து வெளியே நடப்பதைக் கண்டேன். இரத்மலானை றெயில் நிலையம்வரை போய், ஆகக் குறைந்த விலைக்குக் கல்கிசைக்கு ஒரு டிக்கெட் எடுத்து, மேடையில் நின்று, படியெல்லாம் மனிதர் தொங்குகிற கந்தோர் றெயிலை வழியனுப்பிவிட்டு, அதே பாதையால் திரும்பி வந்து, சப்பாத்தைக் கழற்றிக் கந்தோரில் அமர்ந்தார். அட்டவணையில் இதற்கு வர்ணமில்லை. இரண்டு வாரம் இப்படியே நடந்தது. மூன்றாவது வாரத்தில் ஒருநாள், ஏற வந்த கூட்டம் அவரையும் ஏறுபவராகவே மதித்து, கேளாமலே உள்ளே தள்ளி ஏற்றிவிட்டது.

அதன்பின் நிகழ்ந்ததை அவரே மதிலுக்கு மேலால் எனக்கு வர்ணித்தார். கல்கிசையில் இறங்க எத்தனித்தாராம், முடியவில்லை. தெஹிவளையைத் தாண்டிக் கடற்காற்று முகத்தில் அடித்ததும் இறங்க மனமில்லை. ஒருவர் தோளுக்கும் இன்னொருவர் முதுகுப் பைக்கும் இடையே நின்றபடியே வெள்ளவத்தையிலிருந்து கொம்பனித்தெருவரை, ஐந்து வருஷமாக நூதனக் கதிரையிலும் பழங்கதிரையிலும் வராத நித்திரை வந்ததாம். கோட்டையில் கல்கிசை டிக்கெட்டைக் காட்டி அபராதம் கட்டி, அடுத்த றெயிலில் வீடு வந்து, பதினொரு மணிக்கு உட்கார்ந்தவர், தேங்காய்க்கும் எழும்பாமல், விசிலையும் எண்ணாமல், இரவு ஏழு மணிக்கெல்லாம் அன்றைய கணக்கை முடித்து மூடிவிட்டார். இலண்டன் திகைத்துப்போயிற்று.

அபராதச் சீட்டை மட்டும் இரண்டு நாள் ஒளித்து வைத்திருந்தார். சட்டைப் பையைத் துவைக்குமுன் சோதிக்கின்ற மனைவியாரின் கையில் அது அகப்பட்டது. மதிலுக்கு இந்தப் பக்கம் நின்ற நான் அடுத்து வரப்போகும் பிரளயத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“நாளைக்கும் போட்டு வாருங்கோ,” என்றார் அம்மையார். “சரியான டிக்கெட் எடுத்துக்கொண்டு போங்கோ. வரேக்கை வெள்ளவத்தையிலை இறங்கி முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு வாருங்கோ.”