பெர்த்தா அம்மாளின் தொப்பி ஊசி

புக்கிட் தெங்கா பக்கம் பழைய ஹோண்டா சி70-ஐப் புதுப்பித்து வைத்திருக்கும் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். குரோம் மின்னும், பெயிண்ட் பளபளக்கும், வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆகாது. சுற்றி நிற்கும் நாலு பேரும் ஒரே தீர்ப்பைச் சொல்வார்கள்: "காப்ரேட்டர் ரோசாக் லா, கழட்டு!"

இந்தக் கழட்டலுக்குப் பின்னால் பெரிய குடும்பச் சண்டை இருக்கிறது. 1734-இல் டேனியல் பெர்னூலி, பாரிஸ் அகாடமியின் பரிசைத் தன் அப்பா யோஹானோடு பங்கு போட்டுக்கொண்டான். பெற்ற பிள்ளை தனக்குச் சமமா என்று கொதித்த அப்பா, மகனை வீட்டுப் படி ஏறவிடவில்லை. ஓட்டம் வேகமானால் அழுத்தம் குறையும் என்று 1738-இல் மகன் புத்தகம் போட்டான். அப்பா சும்மா இருப்பாரா? அதே சரக்கில் தானும் ஒன்று எழுதி, 1732 என்று முன்தேதி போட்டுக்கொண்டார். கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று விரைந்து பெட்ரோலை மேலே இழுப்பது இந்தக் கள்ளத்தேதிக் குடும்பத்தின் புண்ணியத்தில்தான்.

அடுத்து, காரை உருவாக்கிய கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா. 1888 ஆகஸ்ட்டில் புருஷனிடம் மூச்சு விடாமல், இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு, மன்ஹைமிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தாண்டி இருந்த தாய்வீட்டுக்குக் காரை ஓட்டிப் போய்விட்டார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பி ஊசியை உருவினார், குத்தினார், கிளம்பினார். எரிபொருள் தீர்ந்தபோது மருந்துக்கடையில் வாங்கி ஊற்றினார். கார்ல் பென்ஸுக்குத் தந்தி போனது இவர் ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான்.

சோய்ச்சிரோ ஹோண்டாவும் லேசுப்பட்டவரல்ல. 1946-இல் ராணுவ வானொலிக்கு மின்சாரம் கொடுத்த குட்டி எஞ்சினை சைக்கிளில் கட்டினார். டாங்கிக்கு வெந்நீர் ஒத்தடப் புட்டி! பெட்ரோல் தட்டுப்பாட்டுக்குப் பைன் மர வேர் எண்ணெய். 1958-இல் அவருடைய சூப்பர் கப் வண்டி வந்தது. அதே ஆண்டு ஜப்பான் போன பினாங்குத் தவுக்கே லோ பூன் சியூ, பட்டறைப் பையனாகத் தொடங்கியவராயிற்றே, அந்த வண்டியைப் பார்த்தவுடன் பிடித்துக்கொண்டார். அதன் பேரப்பிள்ளைதான் இன்று முற்றத்தில் மக்கர் பண்ணுகிறது.

பாவம், கார்புரேட்டர்! சி70-இல் பெட்ரோல் குழாயின் திருகே அதன் உடம்பில் ஒட்டியிருப்பதால், குழாய் ஒழுகினாலும் பழி அதற்குத்தான். குற்றம் உண்மையிலேயே அதனுடையது என்றால் சாட்சியும் இருக்கும். முறுக்கினால் ஓடி, விட்டதும் செத்துப்போனால் ஸ்லோ ஜெட்டில் அடைப்பு. நாள்பட்ட பெட்ரோல் பிசினாகிவிட்டது. நிறுத்திய இடத்தில் ஒழுகினால் மிதவை ஊசி. விட்ட பிறகும் எஞ்சின் அலறினால், கேஸ்கெட் வழியே காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. பிளக் கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு.

ஜெட்டை பெர்த்தா அம்மாள் பாணியில் குத்தாதீர்கள். பித்தளைத் துளை மயிரிழை அகன்றாலும் வண்டி குடிகாரனாகிவிடும். கிளீனர் அடித்து, காற்றால் ஊதினால் போதும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், யார் என்ன சொன்னாலும், ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, பிளக்குக்குத் தீப்பொறி கிளப்பும் பாயிண்டின் இடைவெளியைப் பாருங்கள். 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்.