சட்டம் போட்ட முதலாளிகள்

இந்த வாரக் கேள்விகள் எல்லாம் வணிகக் குடும்பங்களின் பழைய படங்களைப் பற்றி.

வாசகர், வில்கமுவ: எங்கள் ஊரில் வயல் உண்டு, யானை உண்டு. பழைய முதலாளிமாரின் படம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லையே?

ரயிலைக் கேளுங்கள். 1880-இல் மாத்தளை வரை வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. காட்டோரத்தில் கடை வைத்தவர் படம் எடுக்க நினைத்தால் மாத்தளைக்கோ கண்டிக்கோ போகவேண்டும்; கடையை யார் பார்ப்பது? 1984-இல் வஸ்கமுவ தேசியப் பூங்கா ஆனபின் உங்கள் பக்கத்தில் அதிகம் படம் பிடிக்கப்படுவது யானைதான். அது காசும் கேட்பதில்லை, கடனும் கொடுப்பதில்லை.

வாசகி, மாத்தளை: நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் இலங்கையில் அவ்வளவு கொடுக்கல் வாங்கல் செய்தார்களே, அவர்களுடைய குடும்பப் படங்கள் எங்கே?

அவர்களின் சொந்த ஊரான காரைக்குடிப் பக்கம் தேடுங்கள். இங்கே வந்த ஏஜெண்டுக்குப் பொதுவாக மூன்று ஆண்டுக் கணக்கு. மனைவி மக்கள் ஊரில். கடையும் தங்குமிடமுமான கிட்டங்கியின் சுவருக்கு முருகன் படம் போதும். முதலாளி படம் ஊரில், வீட்டு முகப்பில் தொங்கும். லாபமும் படமும் கடல் தாண்டிவிட்டன. உங்கள் ஊர் முத்துமாரியம்மனும் கொழும்புச் செட்டியார் தெருக் கதிரேசனும் இங்கேயே இருந்துவிட்டார்கள்.

வாசகர், யாழ்ப்பாணம்: பழைய படங்களில் ஏன் ஒருவரும் சிரிப்பதில்லை?

வெகுநேரம் அசையாமல் இருக்க வேண்டியிருந்ததால் என்பார்கள். 1840-களுக்கு அது சரி. அப்போது கழுத்துக்குப் பின்னால் கம்பி வைத்துத் தாங்கினார்கள். சில படங்களில் கால்களுக்குப் பின்னே அதன் இரும்பு அடி எட்டிப் பார்க்கும். 1880-களில் உலர் தட்டு வந்தபின் சில விநாடிகளில் வேலை முடிந்தது. அதற்குப் பிறகும் சிரிக்கவில்லை என்றால் கேமராவைக் குறை சொல்லாதீர்கள். கடன் கேட்டு வருபவன் பார்க்கும் முகம் அது. பல் தெரிந்தால் வட்டியைக் குறைக்கச் சொல்வான்!

வாசகர், கண்டி: வட்டித் தொழில் செய்தவர் பக்கத்தில் பூச்சாடி, புத்தகம் எதற்கு?

மேசை, பூச்சாடி, புத்தகம், பின்னால் இருக்கும் மாடிப்படித் திரை எல்லாம் ஸ்டூடியோவுடையவை. காதில் மின்னும் கடுக்கன் மட்டும் அவருடையது. 1532-இல் லண்டனில் ஹான்ஸ் ஹோல்பைன் தீட்டிய டான்சிக் வணிகர் கியோர்க் கீஸ் படத்தைப் பாருங்கள். கடிதங்கள், முத்திரை, காசு எல்லாம் கண்முன்னே, பூச்சாடியும் உண்டு. நம்மவர் பூச்சாடியை மட்டும் வைத்துக்கொண்டு தொழிலை மறைத்துவிட்டார். வருமானவரிக்காரரும் படம் பார்ப்பார் அல்லவா?

வாசகி, தேவகோட்டை: எங்கள் ஐயாவும் ஆச்சியும் சேர்ந்திருக்கும் படம் ஒன்று உண்டு. ஆனால் சேர்ந்து எடுத்ததில்லை என்கிறார்கள். எப்படி?

இருவர் முகத்திலும் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று பாருங்கள். ஐயாவுக்கு இடமும் ஆச்சிக்கு வலமுமாக இருந்தால் ஒட்டுவேலை. தனித்தனிப் படங்களை வெட்டிச் சேர்த்து, தோள் சந்திக்கும் இடத்தை வண்ணத்தால் மூடுவார்கள். ஒருவர் காலமான பிறகும் ஜோடிப்படம் எடுக்க அதுதான் வழி.

வாசகர், சென்னை: காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் யாருடைய படத்தையோ வாங்கி மாட்டினேன். 'உங்கள் தாத்தாவா?' என்று கேட்கிறார்கள்.

'சுவீகாரம்' என்று சொல்லுங்கள். நகரத்தார் என்னும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்கு அது புதிதல்ல. என்ன, அவர்கள் பிள்ளையைச் சுவீகாரம் எடுப்பார்கள், நீங்கள் தாத்தாவை எடுத்திருக்கிறீர்கள். அட்டையில் ஸ்டூடியோ பெயர் இருக்கிறதா? கொழும்பு 'பிளேட்' என்றிருந்தால் படம் 1890-க்கு முந்தியதல்ல; அந்த ஸ்டூடியோ பிறந்ததே அப்போதுதான்.

வாசகர், நுவரெலியா: தாத்தா காதில் வைரக் கடுக்கன், பேரன் கையில் வாடகைச் சீட்டு. நடுவில் என்ன நடந்தது?

வெள்ளைக்கார வங்கிகளிடம் வாங்கித்தான் செட்டியார்கள் ஊருக்குக் கொடுத்தார்கள். 1925-இல் வங்கிகள் கையை இறுக்கின. அடுத்து உலக மந்தம். பணம் திரும்பவில்லை, அடகுக் காணிதான் கைக்கு வந்தது. 1939-இல் இலங்கை வங்கி வந்தது, 1948-இல் இந்தியாவிலிருந்து வந்தவர்களை வெளியே நிறுத்திய குடியுரிமைச் சட்டம் வந்தது. ஒன்று தொழிலைத் தொட்டது, மற்றது ஆளையே தொட்டது.

வாசகி, மட்டக்களப்பு: பழைய படத்தைப் பளபளவென்று லாமினேட் செய்யலாமா?

வேண்டாம். ஒட்டினால் பிரிக்க முடியாது. பின்பக்கம் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், பெயர் எழுதுங்கள். பெயர் தெரிந்த பெரியம்மா இருக்கும்போதே எழுதுங்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு பழைய தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் தேடி எண்ணிமப் பிரதி எடுத்திருக்கிறது. உங்கள் வீட்டு அலமாரிக்கு நீங்கள்தான் நிறுவனம்.

வாசகர், திருகோணமலை: மொத்தத்தில் இந்தப் படங்கள் உண்மை பேசுகின்றனவா?

கடன் கொடுத்தவர் ஊருக்கு எப்படித் தெரிய ஆசைப்பட்டார் என்பதில் பொய்யே இல்லை. கடன் வாங்கியவர் கதைக்குப் பேரேட்டைப் புரட்டுங்கள். படம் எடுக்கக் காசிருந்தால் அவர் ஏன் கடன் வாங்குகிறார்?