மாதாவும் கடவுளா?

கேள்வி: வேளாங்கண்ணிக்கு நடந்தே போகும் என் தோழி, "மாதாவை நாங்கள் ஆராதிப்பதில்லை" என்கிறாள். அப்படியானால் தேர், மாலை, மெழுகுவர்த்தி எல்லாம் எதற்கு?

பதில்: தோழி சொல்வது சரி. கத்தோலிக்கருக்கு ஆராதனை கடவுள் ஒருவருக்கே. மரியாளுக்கும் புனிதர்களுக்கும் தருவது வணக்கம். 787-இல் நிசேயாவில் கூடிய பொதுச்சங்கம் இதைத் தெளிவாக்கிவிட்டது: படத்துக்குச் செய்யும் மரியாதை படத்தில் இருப்பவரைச் சேரும்.

ஐம்பத்து மூன்று மணி செபமாலையில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் மங்கள வார்த்தை செபத்தையே பாருங்கள். பாவிகளுக்காகக் கடவுளிடம் வேண்டிக்கொள்ளும்படி மரியாளைக் கேட்கிறார்கள், அவ்வளவுதான். காரியம் ஆக வேண்டுமென்றால் முதலில் அம்மாவிடம் பேசுவது நம் வீடுகளில் புதிதா என்ன? கானாவூர் கல்யாணத்தில் திராட்சை ரசம் தீர்ந்துவிட்டதென்று இயேசுவிடம் சொன்னவரும் அவர்தானே!

அடுத்து, "போப் தவறே செய்யமாட்டாரா?" என்று கேட்பீர்கள். அவரும் பாவசங்கீர்த்தனம் செய்கிறவர்தான். 1870-இல் முதல் வத்திக்கான் சங்கம் வரையறுத்த தவறாவரம், விசுவாசம் அல்லது ஒழுக்கம் பற்றி முழுத் திருச்சபைக்கும் அவர் இறுதியாக அறிவிப்பதற்கு மட்டுமே. அதன்பின் அப்படி அறிவித்தது ஒரே முறை: 1950-இல், மரியாளின் விண்ணேற்பு. உலகக் கோப்பை யாருக்கு என்று அவர் சொன்னால் அது பலிக்க வேண்டியதில்லை.

ஒரு ஞாயிறு தோழியுடன் திருப்பலிக்குப் போய்வாருங்கள். யாரும் தடுக்கமாட்டார்கள். நற்கருணை அப்பம் பெற வரிசை எழும்போது மட்டும் இடத்திலேயே இருங்கள். அந்த அப்பம் கிறிஸ்துவின் உடலாகவே மாறுகிறது என்பது அவர்களின் விசுவாசம்.