தொட்டிக் கள்ளியின் மண்: திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரச் சான்றுகளுடன் ஓர் ஆய்வு

தொட்டிக் கள்ளிக்கு மண் கலப்பது என்பது மண்ணைக் குறைத்து இடைவெளியைக் கூட்டுவது. கலவையில் எதைக் கொட்டினாலும் செடிக்கு உதவுவது துகளுக்கும் துகளுக்கும் நடுவே கிடக்கும் வெற்றிடமே. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் இக்கொள்கை எளிதில் எடுபடாது. அங்கே வெற்றிடம் ஒரு குற்றம். வார்ப்பில் துளை விழுந்தால் உருப்படி கழிவுக்குப் போகும். கான்கிரீட்டில் பொந்து தெரிந்தால் மேஸ்திரிக்குத் திட்டு விழும். ஒரு ஷிப்ட் முழுக்கத் துளைகளை ஒழித்துவிட்டு வீடு திரும்புகிறவர், மாடிப்படி ஓரத்துத் தொட்டியில் துளைகளை உண்டாக்க வேண்டியிருப்பதே இவ்வாய்வின் மூலச் சிக்கல்.

கள்ளி எது என்பதை முதலில் வரையறுக்க வேண்டும். தமிழர் தொன்றுதொட்டு அறிந்த சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் ஆமணக்குக் குடும்பத்தவை. ஒடித்தால் பால் வடியும். நர்சரிகளில் ‘காக்டஸ்’ என்று விற்கப்படுவது அமெரிக்கக் கண்டங்களின் குடும்பம்; இவ்வாய்வில் கள்ளி என்பது இதுவே. அதன் முட்கள் சிறு பஞ்சுத் திண்டு போன்ற புள்ளிகளிலிருந்து கொத்தாகக் கிளம்பும். அக்கண்டங்களுக்கு வெளியே இயற்கையாக வாழும் காக்டஸ் ஒன்றே ஒன்று: ரிப்சாலிஸ் பாக்கிஃபெரா. அது இலங்கையிலும் உண்டு. ஆனால் மரத்தில் தொற்றித் தொங்குவதால் அதற்கு மண் பற்றிய கவலை இல்லை. ஆகவே இவ்வாய்வில் இடமும் இல்லை.

காக்டஸ் குடும்பத்தின் சென்னை வரலாறு ஆராய்ச்சியாளரைக் குழப்பக்கூடியது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளிக்கென்றே தோட்டம் போட்டார். செஞ்சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை அதில் வளர்ப்பது திட்டம். 1795இல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்ததோ வேறொரு பூச்சி. சாயம் மட்டம், பசி மட்டும் அதிகம். சப்பாத்திக்கள்ளியின் இன்னொரு இனம் பிறகு தமிழகத்துத் தரிசெங்கும் புதராய்ப் பரவியது. 1926இல் இலங்கை வழியாக மற்றொரு கொச்சினீல் பூச்சி வந்த பிறகுதான் அது அடங்கியது. அந்த நெடுங்காலத்தில் எவரும் அதற்கு மண்ணை இளக்கும் பெர்லைட் வாங்கிப் போட்டதாகச் செய்தி இல்லை. வெட்டியும் எரித்தும் சாகாத குடும்பம், இன்று தட்டு வைத்துத் தண்ணீர் ஊற்றி வளர்க்கும்போது ஒரே கார்த்திகையில் அழுகிப்போவது ஏன்?

வெயில் காரணம் என்பாரும் உளர். அது பொருந்தாது. திருவள்ளூர் மாவட்டத்தின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. தரிசில் நிற்கும் கள்ளியின் வேர் மேலோட்டமாக நெடுந்தூரம் ஓடி, ஈரம் வடிந்த இடமாகப் பார்த்துக்கொள்ளும். தொட்டிக் கள்ளிக்குப் போக்கிடம் இல்லை. மண்துளைகளில் நீர் நிறைந்தால் வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காது. பித்தியம், பைட்டோப்தோரா முதலிய அழுகல் நுண்ணுயிர்களுக்கு அதுவே பந்தி. மேலும் கள்ளி நைட் ஷிப்ட் தொழிலாளி. இலைத்துளையின் வேலையைச் செய்யும் தண்டுத் துளைகளைப் பகலில் மூடிவிடும். இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி அமிலமாகச் சேமிக்கும். இரவு குளிர்ந்தால்தான் இவ்வேலை செவ்வனே நடக்கும். கடலோரப் புழுக்க இரவில் உற்பத்தி குறைகிறது, தண்ணீர்ச் செலவும் குறைகிறது. ஊற்றிய நீர் அப்படியே கிடக்கிறது.

எவ்வளவு கிடக்கும் என்பது துளையின் அளவைப் பொறுத்தது. 1 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடிக் குழலில் நீர் தானாக ஏறுவது ஏறத்தாழ 3 செ.மீ.; 0.1 மி.மீ. குழலில் 30 செ.மீ. மண்ணின் துளைகளும் இவ்விதிக்குக் கட்டுப்பட்டவையே. நுண்துளை மண் நிரப்பிய 10 செ.மீ. தொட்டியில், அடியில் எத்தனை ஓட்டை போட்டாலும் நீர் முழு உயரத்துக்கும் பிடித்து நிற்கும். கொடியில் தொங்கும் வேட்டியின் கீழ்க்கரை கடைசியில் காய்வது இதற்குக் கண்கண்ட சான்று. ஈரம் நிற்கும் இவ்வடுக்கின் உயரத்தை முடிவு செய்வது துகள்தான்; தொட்டியின் உயரம் அதை மாற்றுவதில்லை. ஆகவே மண் ஒன்றாக இருந்தால், ஆழமற்ற தொட்டியே விரைவில் சேறாகும்.

இங்குதான் கூழாங்கல் வாதம் எழுகிறது. தொட்டியின் அடியில் இரண்டு விரற்கடை கூழாங்கல் பரப்பினால் நீர் வடியும் என்பது அவ்வாதிகளின் துணிபு. வீட்டுக்கு வீடு அவர்களே பெரும்பான்மை. அற்றன்று. நுண்ணிய மண்ணிலுள்ள நீர், கீழே அகன்ற வெளி வந்ததும் அதில் உடனே இறங்காது. மேல்மண் நிறையும்வரை எல்லையிலேயே நிற்கும். கூழாங்கல் ஈரத்தை நீக்குவதில்லை, வேருக்கு அருகே இரண்டு விரற்கடை உயர்த்திக் கொடுக்கிறது. ஓட்டையின் மேல் ஓர் ஓட்டாஞ்சில்லு போதும். அதுவும் மண் ஒழுகாமலிருக்க மட்டுமே. கூழாங்கல்லுக்கு இம்மாவட்டம் பெயர்பெற்றது என்பது வாதிகளின் மறுமொழி. மெய்தான். பூண்டியை அடுத்த அத்திரம்பாக்கத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்ட குவார்ட்சைட் கற்கருவிகளின் தொன்மை 15 லட்சம் ஆண்டு என்பது பின்வந்த ஆய்வு. அவற்றுள் ஒன்றுகூடத் தொட்டிக்கு அடியில் கிடைத்ததாகக் குறிப்பில்லை.

கலவைப் பொருள்களை நோக்கினால், இவ்வட்டாரம் பெரும்பாலும் பிறர் கழித்ததைக் கொண்டே கள்ளி வளர்க்க முடிந்த நாடு என்பது பெறப்படும். செம்மண்ணுக்குத் தொலைவு போக வேண்டாம். செங்குன்றம் என்ற பெயரே விளம்பரப் பலகை. ஆனால் அதில் களி உண்டு, 0.002 மி.மீ.க்கும் சிறிய அத்துகள்கள் எல்லா இடுக்கிலும் புகுந்துகொள்ளும் உறவினர் போன்றவை. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஆகாது.

மணலில்தான் கொத்தனாருக்கும் கள்ளிக்கும் பகை. கருங்கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்டில் 0.15 மி.மீ. சல்லடையில் நழுவும் தூள் 20 சதவீதம் வரை இருக்கலாம் என இந்தியத் தர நிர்ணயம் இசைகிறது. அத்தூள் இடுக்குகளை அடைப்பது கட்டடத்துக்கு வலிமை. கள்ளிக்கு அதுவே மூச்சடைப்பு. நீர் தெளியும்வரை அலசினாலன்றி எம்-சாண்ட் ஆகாது. குவாரிச் சிப்ஸைச் சலித்து 2 முதல் 5 மி.மீ. வரையுள்ளதை எடுப்பது அதனினும் நன்று. பழவேற்காட்டுக் கடல் மணல் வேண்டவே வேண்டாம், உப்பு. அங்குள்ள கிளிஞ்சலை நொறுக்கி ஒரு பிடி சேர்க்கலாமா என்னும் வினாவுக்கு, சுண்ணாம்புப் பாறையில் வாழும் ஆஸ்ட்ரோஃபைட்டம் போன்ற மெக்சிகோ இனங்களுக்கு மட்டும் ஆம் என்பது விடை.

செங்கல் துண்டு இக்கலவையின் நாயகன். மாவட்டத்துச் சூளைகளில் உடைந்த கல்லுக்குப் பஞ்சமில்லை. பட்டாணி அளவுக்கு உடைத்துச் சலித்தால், துண்டு தன்னுள் சிறிது நீரையும் துண்டுகளின் நடுவே காற்றையும் வைத்துக்கொள்ளும். செங்குன்றம் அரிசி ஆலைகளின் உமியைப் பாதி கருக்கிச் சேர்ப்பதும் நலம். முற்றிலும் எரிந்த சாம்பல் காரம் மிக்கது, நுண்ணியது, விலக்கத் தக்கது. அத்திப்பட்டு அனல் மின்நிலையங்களின் உலர்சாம்பலை இலவசம் என்று அள்ளுவோர், சிமெண்டில் கலப்பது அதைத்தான் என்பதை நினைவில் கொள்க. உருக்காலைக் கசடும் சுண்ணாம்பேறியது, ஆகாது. வார்ப்பாலையில் கழித்த மணல் பார்வைக்குக் கவர்ச்சியானது; அச்சு நிற்பதற்காகச் சேர்த்த பெண்டோனைட் களியும் நிலக்கரித் தூளும் அதில் ஒளிந்திருக்கும். திருப்பத்தூர் மாவட்டம் சேவாத்தூரில் வெட்டியெடுக்கப்படும் வெர்மிகுலைட் தமிழகத்துப் பொருள் என்ற பெருமை உடையது. ஆயினும் நீரை விடாது பிடிப்பதால் விதை முளைக்க உகந்தது, கள்ளிக்கு அன்று.

நர்சரியிலிருந்து வரும் கள்ளி பெரும்பாலும் தென்னைநார்க் கழிவில் நின்றுகொண்டிருக்கும். நனைந்தால் எளிதில் விடாது என்னும் பிடிவாதம் அதற்கு உண்டு. வாங்கியதும் உதறிவிட வேண்டும். உச்சியில் சிவப்பு உருண்டை ஒட்டிய கள்ளி மட்டும் விலக்கு. அதன் கீழ்த்தண்டு டிராகன் பழச் செடியின் இனத்தது, மரமேறும் சாதி. கொஞ்சம் மட்கு கேட்கும்.

ஆக, செம்மண் ஒரு பங்கு, சிப்ஸ் இரண்டு, செங்கல் துண்டு இரண்டு, கருக்கிய உமி அரை, மட்கிய எரு அரை எனக் கொள்க. அளவைக்குச் சாந்துச் சட்டி போதும். கலவை தேறியதா என அறியப் பிள்ளையார் சோதனை உண்டு: நனைத்து ஒரு பிடி பிடிக்க வேண்டும். பிள்ளையார் நின்றால் களி மிகுதி. குரங்காய் முடிந்தாலும் தோல்வியே. கை விரித்ததும் எந்த உருவமும் இன்றி உதிர்ந்தால் தேர்ச்சி.

தொட்டி சுடுமண்ணாயின் சுவர் வழியாகவும் ஈரம் போகும். பெயிண்ட் வாளி இவ்வட்டாரத்தில் மிகுதி; ஓட்டை போட்டபின் அதுவும் தொட்டியே. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல் நீர் கலந்திருப்பதால் போர் தண்ணீர் ஊற்ற ஊற்ற மண்மேல் வெள்ளைப் படலம் கட்டும். மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றலாம். கூரைத் தாரை நேராக விழும் இடத்தில் வைத்த தொட்டியை எந்தக் கலவையும் காக்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தொட்டிகளுக்கு நேர்ந்ததைக் கலவையின் குறையாகக் கொள்வது நேர்மையன்று.

செங்கல் தூளாகி இடைவெளி தூர்ந்துபோவதால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கலவையை மாற்ற வேண்டும். தையில் மாற்றுவது வசதி. மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிராது. அறுந்த வேர் காய ஒரு வாரம் தண்ணீர் விடலாகாது. கழித்த பழைய மண்ணைக் கறிவேப்பிலைக்குப் போடலாம். அச்செடி இதுவரை மறுப்புத் தெரிவித்ததில்லை.