மணிக்கு அனுமதியில்லை

ஊர் சுற்றப் போகிறவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போவார்கள். நான் வீட்டையே ஓட்டிக்கொண்டு போனேன். அரிசோனா, யூட்டா மாநிலங்களின் செம்பாறைப் பள்ளத்தாக்குகளை வாடகை ஆர்.வி.யில் சுற்றுவதாகத் திட்டம். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் கூடவே வரும். எங்கள் நாய் மணியும் வரும். ஓட்டல் வாசலில் நாயோடு நின்று கெஞ்ச வேண்டாம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. கழிப்பறை வந்தால் அதைக் கழுவுகிற வேலையும் பின்னாலேயே வரும் என்பதை மட்டும் கூட்டலில் விட்டுவிட்டேன்.

படிக்காமல் போனேன் என்று யாரும் சொல்ல முடியாது. ஜுராசிக் காலத்து மணல்மேடுகள் இறுகித்தான் நவாஹோ மணற்கல் ஆனது என்று மனைவிக்கு வழியெல்லாம் வகுப்பெடுத்தேன். பிரைஸ் கேன்யன் தேசியப் பூங்காவில் பாறைத் தூண்கள் நிற்பதற்குக் காரணம், விரிசலில் இறங்கிய தண்ணீர் உறைந்து உருகி உறைந்து பாறையைப் பிளப்பதுதான் என்றும் விளக்கினேன். இருபது கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சமாச்சாரம் வரை படித்த நான், பூங்காத் துறை செல்லப் பிராணிகளுக்கென்று எழுதி வைத்திருந்த அரைப் பக்கத்தைப் படிக்கவில்லை.

அதில் எல்லாமே இருந்தது. சயான் தேசியப் பூங்காவில் நாய் நடக்கக்கூடிய பாதை ஒன்றே ஒன்று. ஆற்றோரமாகப் போகும் பாரூஸ். பள்ளத்தாக்குக்குள் போகிற ஷட்டில் பேருந்தில் நாயை ஏற்ற மாட்டார்கள். பிரைஸில் பள்ளத்தாக்கின் விளிம்பில், சன்ரைஸ் பாயிண்டுக்கும் சன்செட் பாயிண்டுக்கும் இடையில் தளம் போட்ட வழி உண்டு. கீழே இறங்கும் பாதைகளில் கூடாது. ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவில் எந்த நடைபாதையிலும் கூடாது. இந்தக் கடைசி விஷயத்தை, டெலிகேட் ஆர்ச் என்ற பாறை வளைவுக்குப் போகும் பாதையின் தொடக்கத்தில், தொப்பி, தண்ணீர், பிஸ்கட், மணி சகிதம் நின்றபோது ரேஞ்சர் அம்மா ஒருவர் மிகுந்த மரியாதையோடு எனக்குத் தெரிவித்தார்.

"நீங்க இவனைப் பார்த்துக்குங்க, நான் போயிட்டு வந்துடறேன்" என்று மனைவி கிளம்பிவிட்டாள். போய்வர மூன்று மைல். நானும் மணியும் வண்டிக்குள் உட்கார்ந்தோம். வெளியே வெயில் கொளுத்தியது. வண்டி நிற்கும்போது கூரை ஏசி ஓட ஜெனரேட்டர் வேண்டும். அதைப் போட்டால் பக்கத்து வண்டிக்காரர் முறைத்தார். நிறுத்தினால் மணி முறைத்தான். உலகப் புகழ்பெற்ற அந்த வளைவை நான் கடைசியில் மனைவியின் போனில்தான் பார்த்தேன். "நேர்ல இன்னும் நல்லா இருக்குங்க" என்றாள்.

மற்றத் தோல்விகளும் என் அறிவுக்கு ஏற்ற அளவிலேயே அமைந்தன. சயானின் கிழக்குச் சுரங்கம் 1930இல் திறக்கப்பட்டது, 1.1 மைல் நீளம். அந்தக் காலத்துக் கார்களை மனத்தில் வைத்துக் குடைந்தது. எங்கள் வண்டி மாதிரி உயரமானவை நடுச்சாலையில்தான் போக முடிந்தது. அதற்காக நாங்கள் போனபோது தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு எதிர்ப்பக்கத்துப் போக்குவரத்தை நிறுத்தி வைத்தார்கள். அத்தனை பேர் எனக்காகக் காத்திருக்க, ராஜநடையில் உள்ளே நுழைந்து, முகப்பு விளக்கு என்று நினைத்து வைப்பரைப் போட்டேன்.

பிரைஸ் எட்டாயிரம் அடி உயரம். அங்கே தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும், அரிசி லேசில் வேகாது. "அங்க போயும் குக்கர் விசிலா?" என்று குக்கரை வீட்டில் வைக்கச் சொன்ன புண்ணியவான் நான்தான். அன்றிரவு தயிர் ஊற்றியும் சோறு நறநறத்தது. மணி முகர்ந்து பார்த்துவிட்டு, தட்டைச் சுற்றிக்கொண்டு போய்ப் படுத்தான்.

மான்யுமென்ட் வேலியின் 17 மைல் மண்சாலையில் ஆர்.வி.யை விட மாட்டார்கள் என்பதை எப்படியோ முன்னதாகவே தெரிந்துகொண்டு, நவாஹோ வழிகாட்டி ஒருவரின் ஜீப்பில் இடம் பிடித்திருந்தேன். அரிசோனா கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. அதே மாநிலத்துக்குள் பரவிக் கிடக்கும், மான்யுமென்ட் வேலியும் அடங்கிய நவாஹோ பழங்குடியினரின் நிலம் மாற்றுகிறது. போன் சரியான நேரத்தைக் காட்டியது. நான் அரிசோனா நேரத்தில் ஓடிய வண்டியின் கடிகாரத்தை நம்பினேன். ஒன்பது மணி ஜீப்புக்குப் பத்து மணிக்குப் போய், சரியான நேரத்துக்கு வந்துவிட்டதாக நினைத்து டீ போட்டுக் குடித்துக்கொண்டிருந்தேன்.

இனி அந்தக் கழிப்பறை. ஆர்.வி.யின் வயிற்றில் இரண்டு கழிவுத் தொட்டிகள். கழிப்பறைக்குப் பிளாக் டேங்க், குளியலுக்கும் பாத்திரம் கழுவுவதற்கும் கிரே டேங்க். முதலில் பிளாக்கைத் திறந்து காலி செய்யவேண்டும். பிறகு கிரேயைத் திறந்தால் அந்தச் சோப்புத் தண்ணீரே குழாயைக் கழுவிவிடும். நான் கிரேயை முதலில் திறந்தேன். அது சுத்தமாகப் போனதில் தைரியம் வந்து பிளாக்கைத் திறந்தேன். குழாயின் வாயைப் பொருத்தித் திருகும்போது இரண்டு கொக்கிகளும் மாட்டிக்கொள்ள வேண்டுமாம். ஒன்றுதான் மாட்டியிருந்தது. என் பின்னால் வரிசையில் காத்திருந்த பெரியவர் இறங்கி வந்து, தண்ணீர்க் குழாயை நீட்டி, "முதல் தடவையா?" என்று மட்டும் கேட்டார். என் செருப்பை அங்கேயே குப்பைத்தொட்டியில் போட்டேன். கையில் இருந்தது மனைவி பாத்திரம் தேய்க்க வைத்திருந்த கையுறை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

உருப்படியாக நான் செய்தது ஒன்றுண்டு. மோவாப் அருகே மணி திடீரென்று முன்காலைத் தூக்கிக்கொண்டு நின்றான். விரலிடுக்கில் பார்த்தால் நெருஞ்சி. நம் ஊர் நெருஞ்சியேதான். அங்கே வந்தேறிய களை. வந்தேறிகளைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாயில்லை என்பதால் பேசாமல் பிடுங்கிப் போட்டேன்.

அன்று மாலை டெட் ஹார்ஸ் பாயிண்டுக்குப் போனோம். அது மாநிலப் பூங்கா. கயிறு கட்டியிருந்தால் நடைபாதைகளில் நாய்க்கு அனுமதி உண்டு. சைக்கிள் பாதைகளில்தான் கூடாது. இரண்டாயிரம் அடிக்குக் கீழே கொலராடோ ஆறு வளைந்து திரும்புவதை நாங்கள் மூவரும் சேர்ந்து பார்த்தோம். மணி ஆற்றைவிட ஒரு பல்லியை அதிக நேரம் பார்த்தான்.

ஆகவே, நாயோடு போகிறவர்கள் தேசியப் பூங்காவின் பெயரில் மயங்காமல் மாநிலப் பூங்காக்களை முதலில் தேடுங்கள். ஆறடிக் கயிறு எடுத்துக்கொள்ளுங்கள். குக்கரை மறக்காதீர்கள். பிளாக்கை முதலில் திறங்கள். அதற்கும் முன்னால், இரண்டு கொக்கியும் மாட்டியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.