வாஞ்சூர்ச் சாவடியில் என்னையும் நிறுத்துங்கள்

பெறுநர்:
இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சி ஆணையம், ஐதராபாத்.

பொருள்: எல்லை தாண்ட உரிமம் கேட்டு, எல்லையே இல்லாத ஏஜென்ட் ஒருவரின் விண்ணப்பம்.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் காரைக்காலில் இன்சூரன்ஸ் ஏஜென்ட். எங்கள் ஊருக்குக் கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. எங்கள் தலைநகரான புதுச்சேரிக்குப் போவதென்றாலும் தமிழ்நாட்டுக்குள் புகுந்துதான் போகவேண்டும். காலையில் நாகூரில் ஒரு பிரீமியம், மதியம் வீட்டுச் சாப்பாடு, சாயங்காலம் தரங்கம்பாடியில் ஒரு கல்யாண வரவேற்பு (பந்தியில் எப்படியும் ஒரு பாலிசி சிக்கும்) என்று நல்ல நாளில் மாநில எல்லையை நாலு தரம் கடக்கிறேன். நாலு தரமும் என்னை ஒருவர்கூட நிறுத்திக் கேட்டதில்லை. அதுதான் ஐயா என் குறை.

எங்கள் ஊரில் மற்ற எல்லாவற்றுக்கும் எல்லை உண்டு. வாஞ்சூரில் பையைத் திறந்து பாட்டிலைத் தேடுவார்கள். என் பி.ஒய்.02 பைக் தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் தங்கினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு மறுபதிவு கேட்கும். நாகூர்க்காரர் வைத்திருக்கும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, நடந்துபோகிற தூரத்தில் இருக்கும் வாஞ்சூர்க்காரருக்குக் கிடையாது. அவர் ரேஷன் கார்டு வேறு அரசாங்கத்துடையது. ஆனால் அதே பையில் பாட்டிலுக்குப் பக்கத்தில் கிடக்கிற புரபோசல் பாரத்தை ஒரு காவலரும் எடுத்துப் பார்த்ததில்லை. ஒரு குவார்ட்டருக்கு இருக்கிற மரியாதை இருபது வருஷப் பாலிசிக்கு இல்லையா?

இந்த ஏக்கம் எனக்கு அமெரிக்காவிலிருந்து தொற்றியது. என் அத்தை மகன் நியூ ஜெர்சியில் இதே தொழில் செய்கிறான். டெலவேர் ஆற்றுக்கு அக்கரையில் பென்சில்வேனியாவில் இருப்பவருக்கு, தன் வீட்டு நாற்காலியை விட்டு எழாமல் போனில் பாலிசி விற்பதற்கும் அந்த மாநிலத்தின் உரிமத்தை அவன் வாங்கவேண்டும். 1945இல் வந்த மெக்காரன்-ஃபெர்குசன் சட்டம் அங்கே காப்பீட்டை மாநிலங்கள் கையில் விட்டுவிட்டது. வாங்குகிறவர் எந்த மாநிலத்தில் உட்கார்ந்திருக்கிறாரோ அந்த மாநிலம் சரி என்று சொல்லவேண்டும். "எனக்கு ஏழு மாநிலத்துல லைசென்ஸ் இருக்கு மாப்ள, உனக்கு?" என்றான். நான் அரசலாற்றைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

எனக்கு ஒன்றுகூட இல்லை. முன்பாவது உங்கள் ஆணையத்தின் பெயரால் மூன்று வருஷத்துக்கு ஓர் உரிமம் இருந்தது. 2015இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2016 ஏப்ரல் முதல் கம்பெனியே ஏஜென்டை நியமித்துக்கொள்ளலாம் என்று நீங்கள் விதி போட்டீர்கள். ஐ.சி.38 தேர்வு எழுதினால் நியமனக் கடிதமும் ஒரு கோடு நம்பரும் வரும். அரசியல் சட்டத்தில் காப்பீடு ஒன்றியப் பட்டியலின் 47ஆவது இனம் என்பதால், அந்த நம்பரை வைத்துக்கொண்டு காரைக்காலிலிருந்து காஷ்மீர் வரை விற்கலாம். காஷ்மீரில் எனக்கு யாரையும் தெரியாது. (பைக்குக்கும் 47, பாலிசிக்கும் 47. போதாததற்கு 2047க்குள் நாட்டில் எல்லோருக்கும் காப்பீடு என்று நீங்களும் அறிவித்திருக்கிறீர்கள். ஜோசியரிடம் கேட்கவேண்டிய எண்தான். திருநள்ளாறு பக்கத்தில்தானே இருக்கிறது.)

சரி, மாநிலக் கோட்டை அழித்தீர்கள். வேறு ஒரு கோடு போட்டிருக்கிறீர்களே, அதைச் சொல்லவேண்டாமா? லைஃபுக்கு ஒரு கம்பெனி, ஜெனரலுக்கு ஒன்று, ஹெல்த்துக்கு ஒன்று. அதற்கு மேல் நான் விற்கக்கூடாது. எதிர்வாடையில் இருக்கும் பேங்க்குக்கு மட்டும் 2022 முதல் வகைக்கு ஒன்பது கம்பெனி வரை. லாக்கர் கேட்டுப் போன மனுஷர் பாலிசியோடு திரும்பி வருகிறார். லாக்கர் எங்கே என்றால், "இதப் போட்டா கெடைக்கும்னாங்க" என்கிறார்.

அந்த ஒரு கம்பெனியில் ஆன்லைனில் பாரம் போட்ட கதையைக் கேளுங்கள். கம்பெனி பெயரைச் சொல்லமாட்டேன். எனக்கு இருப்பதே அது ஒன்றுதான். பின்கோடு 609602 என்று அடித்தேன். மாநிலம் என்ற கட்டத்தில் தானாகவே 'தமிழ்நாடு' வந்து உட்கார்ந்துகொண்டது, மாற்ற முடியவில்லை. ஆதாரில் புதுச்சேரி. விலாசம் பொருந்தவில்லை என்று இரண்டு தரம் திரும்பி வந்தது. உதவி எண்ணில் ஒரு பெண், "புதுச்சேரின்னா 605 போடுங்க சார்" என்றாள். போடலாம் அம்மா, வீட்டை 130 கிலோமீட்டர் தள்ளி யார் வைப்பது?

காரைக்கால் என்று ஓர் ஊர் இருப்பது உங்களுக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் பட்டியலைப் படித்திருக்கிறேன். சென்னை அலுவலகத்துக்குத் தமிழ்நாடு, புதுச்சேரி நகரம், காரைக்கால். மாஹேக்காரர் கொச்சிக்குப் போகவேண்டும், யானம்காரர் உங்கள் ஐதராபாத்துக்கு. என்ன துல்லியம்! பாலிசி எடுக்கும்போது காணாத ஊர், வழக்கு என்று வந்தால் பெயரோடு வந்து நிற்கிறது.

இப்போது உங்கள் பெயரைச் சொல்லிப் போனில் வருகிற ஒரு குரலைப் பற்றி. போன மாதம் கோட்டுச்சேரியில் என் பழைய வாடிக்கையாளர் ஒருவர், கணவரை இழந்த அம்மா, என்னைக் கூப்பிட்டுத் திட்டினார். "ஒங்க மேலாபீஸ்லேருந்து பேசினாங்க தம்பி, ஐ.ஆர்.டி.ஏ.வாம். பழைய பாலிசிக்கு போனஸ் வந்திருக்காம், அத வாங்க புதுசா ஒண்ணு கட்டணுமாம். நீ ஏன் இத்தன நாளா மறச்சே?" ஆணையம் பாலிசி விற்பதில்லை, போனஸ் அறிவிப்பதில்லை, அப்படி அழைப்பு வந்தால் போலீசில் சொல்லுங்கள் என்று எல்லாக் காப்பீட்டு விளம்பரத்தின் அடியிலும் எறும்பு எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த அம்மாவுக்குக் கண்புரை. நான் படித்துக் காட்டினேன். "நீ பொறாமையில சொல்றே" என்றார்.

ஆகவே என் விண்ணப்பம் இதுதான். தெற்கே வாஞ்சூரிலும் வடக்கே பூவத்திலும் காப்பீட்டுச் சாவடி ஒன்று வையுங்கள். என் பையைத் தாராளமாகத் திறந்து பார்க்கட்டும். பேங்க் கவுண்டருக்கும் போன் குரலுக்கும் அதே வரிசை. சாவடியில் கேட்கவேண்டிய கேள்விகளையும் நானே எழுதித் தருகிறேன்: நாமினியின் வீடு எந்தத் தெரு? பாலிசிப் பத்திரத்தை அந்த வீட்டில் எங்கே வைத்திருப்பார்கள், பீரோவிலா, அரிசிப் பானையிலா? விற்றவர் சாவுக்கு வருவாரா? பதினாறு கழிந்து, இறப்புச் சான்றிதழில் பெயர் ஓர் எழுத்து தப்பாக வந்திருந்தால், அதைத் திருத்த நகராட்சி வாசலில் யார் நிற்பார்?

பதில் தெரியாதவருக்கு உரிமம் இல்லை என்று வைத்துவிட்டால், தொலைவிலிருந்து விற்பதற்கு வேறு விதி எழுதும் சிரமம் உங்களுக்கு மிச்சமாகும்.

இப்படிக்கு,
கோடு நம்பர் மட்டும் உள்ள,
காரைக்கால் ஏஜென்ட்.

பின்குறிப்பு: பதில் போடும்போது உறையில் மாநிலம் என்ன என்று குழம்பவேண்டாம். எது எழுதினாலும் வந்துவிடும். எங்கள் தபால்காரர் 609602ஐப் பார்ப்பார், அப்புறம் தெருப் பெயரைப் பார்ப்பார், அவ்வளவுதான்.