விம்கோ நகர் லாட்ஜ் அறைக் கதவும் அதில் இல்லாத தாழ்ப்பாளும்: ஓர் ஆய்வு

முன்னுரை இல்லாமல் கட்டுரை எழுதினால் நெறியாளர் கையெழுத்துப் போடமாட்டார். ஆகவே இது முன்னுரை. திண்ணை, முற்றம், உலக்கை என்று எதையும் விட்டுவைக்காத நம் ஆய்வுலகம், லாட்ஜ் அறைக் கதவின் உட்பக்கத்தை மட்டும் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. அந்த ஆய்வு இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வு இடைவெளி என்பது இதுவரை யாரும் தொடாத பொருள். ஏன் தொடவில்லை என்று கேட்பது மரபன்று.

ஆய்வுக்களம் விம்கோ நகர். திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் மின்சார ரயில் நிலையம் உண்டு. 2021 பிப்ரவரியிலிருந்து மெட்ரோவும் உண்டு. ஸ்வீடன் தீப்பெட்டிக்காரர்கள் 1920களில் தொடங்கிய வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியின் ஆலை இங்கே இருந்ததால் ஊருக்கு இந்தப் பெயர். சுற்றுவட்டாரமே உருப்படியான சாமான் செய்தவர்களின் பூமி. எம்.ஆர்.எஃப் 1946இல் பலூன் செய்து பிழைப்பைத் தொடங்கியது திருவொற்றியூரில். என்ஃபீல்டு புல்லட் 1950களிலிருந்து தயாரானதும் அங்கேதான். அசோக் லேலண்டின் பழைய ஆலை எண்ணூரில். டயரும் புல்லட்டும் லாரியும் செய்யத் தெரிந்த வட்டாரத்தில் ஒரு தாழ்ப்பாள் இல்லாமல் போனது எப்படி? இதுவே இவ்வாய்வின் மையச் சிக்கல்.

ஆய்வாளர் அங்கே போனது உறவில் ஒரு கல்யாணத்துக்காக. ரூம் போட்டுக் கொடுத்தவர்கள் பெண் வீட்டார். ஆய்வு அறம் கருதி லாட்ஜின் பெயர் மறைக்கப்படுகிறது. கல்யாண உறவு கருதி பெண் வீட்டாரின் பெயரும்.

இனி முன்னாய்வுகள். திருவொற்றியூரில் தங்குவது தொடர்பான பழைய வழக்கொன்றைச் சேக்கிழார் பதிவு செய்திருக்கிறார். சங்கிலியாரை மணப்பதற்காகச் சுந்தரர், பிரிந்து போகமாட்டேன் என்று கோயில் மகிழ மரத்தடியில் சத்தியம் செய்தார், பிறகு திருவாரூர் நினைவு வந்து ஊரெல்லையைத் தாண்டினார், கண்பார்வை போயிற்று. செக்-அவுட் விதியை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு இவ்வட்டாரத்தில் இதைவிடப் பழைய சான்று இல்லை. உண்டு என்பாரும் உளர். அவர்கள் தனியாகக் கட்டுரை எழுதட்டும்.

விருந்தோம்பல் குறித்து ஆராய்வோர் அடுத்துப் பார்க்க வேண்டியது, தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801இல் ஆங்கிலேய ரெசிடென்டுக்கு எழுதிய கடிதம். தம் சத்திரங்களில் என்ன நடக்கிறது என்று அதில் சொல்கிறார்: எந்தச் சாதி வழிப்போக்கர் வந்தாலும் சோறு, நோயுற்றால் வைத்தியம், இறந்துபோனால் அவரவர் முறைப்படி இறுதிச் சடங்கு. நான் தங்கிய அறையில் வாட்டர் ஹீட்டரின் வயர் தொங்கிய விதத்தைப் பார்த்தபோது, இவற்றுள் கடைசி வசதிக்கு மட்டும் நல்ல வாய்ப்பு இருந்தது.

வெந்நீரியல்: வரவில்லை. இயல் முற்றிற்று.

துண்டு, சோப்பு, தலையணை உறை ஆகியவை பற்றி ஈண்டு விரிப்பின் பெருகும். பெருகுவதற்கு அறையில் ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.

கொசுவியலில் ஒரே ஒரு குறிப்பு. ரூம் பாய் கொசுவத்திச் சுருள் கொண்டுவந்தார், தீப்பெட்டி கொண்டுவரவில்லை. கீழே கவுன்டரிலும் இல்லை. தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரையே முகவரியாகக் கொண்ட ஊரில், சுருள் முனை கருகாமலே விடிந்தது. இதன்மேல் ஆய்வாளர் கருத்துச் சொல்ல விரும்பவில்லை.

இப்போது பாதுகாப்பியல். இங்கே நிதானமாக நடக்க வேண்டும்.

லாட்ஜில் பாதுகாப்பே இல்லை என்று சொல்வது பிழை. ஆதார் நகல் இரண்டு வாங்கினார்கள். செல்போன் எண், தந்தை பெயர், எங்கிருந்து வருகிறேன், எங்கே போகிறேன், கூட யாராவது உண்டா என்று பேரேட்டில் எழுதிக்கொண்டார்கள். கம்ப்யூட்டர் மேலிருந்த கேமராவைப் பார்க்கச் சொல்லி ஒரு படம். அட்வான்ஸ் முழு வாடகை. டி.வி. ரிமோட்டுக்குத் தனி டெபாசிட். குளியலறையில் பிளாஸ்டிக் மக்கை வாளியின் கைப்பிடியோடு சங்கிலி போட்டுப் பிணைத்திருந்தார்கள். சங்கிலி இரும்பு; மக் உடைந்திருந்தது. இத்தரவுகளால் பெறப்படும் கருதுகோள் இது: லாட்ஜில் பாதுகாப்பு உண்டு, அது லாட்ஜை நம்மிடமிருந்து காப்பது.

கதவுக்கு வருவோம். வெளியிலிருந்து பூட்டலாம், அதற்குச் சாவி தந்தார்கள். உள்ளேயிருந்து சாத்தலாம், அவ்வளவுதான். ஆனால் இங்கே ஒரு காலத்தில் தாழ்ப்பாள் இருந்தது என்பதற்கு வலுவான அகச்சான்று உண்டு. நான்கு திருகாணித் துளைகள் (கதவு, உட்பக்கம்). துளைகளுக்கு நடுவே புதுப் பெயின்ட் படாத நீள்சதுரம் (மேற்படி, வலப்பக்கம், ஆய்வாளரின் மார்பு உயரம்). அந்த நீள்சதுரத்தில் பச்சை நிறம் தெரிகிறது; கதவின் ஏனைய பகுதி கிரீம் நிறம் (மேற்படி, செல்போன் டார்ச் வெளிச்சத்தில் கண்ட பாடம்; மின்சாரம் வந்த பிறகு பார்த்ததில் பாடபேதம் உண்டு). இதனால் தாழ்ப்பாள் பச்சைப் பெயின்ட் காலத்தில் வாழ்ந்தது என்பதும், கிரீம் பெயின்ட் அடித்த பிறகே மறைந்தது என்பதும் பெறப்படும். நிலைச்சட்டத்தில் தாழ் நுழையும் குழி இன்னும் இருக்கிறது, அதற்குள் யாரோ பப்பிள்கம் அடைத்திருக்கிறார்கள் (நிலை, வலக்கால், குழி, உட்சுவர், இளஞ்சிவப்பு, இது பிற்காலச் செருகல் எனத் தள்ளத்தக்கது).

மறைந்தது எப்படி? நிர்வாகமே கழற்றிவிட்டது, போலீஸ் சோதனைக்கு வந்தால் கதவு சட்டென்று திறக்க வேண்டும் அல்லவா என்பது ஒரு சாரார் கருத்து. துருப்பிடித்துத் தானே விழுந்தது, கடற்கரைக் காற்றுக்கு எந்த இரும்பும் நிற்காது என்பது மறுசாரார் கருத்து. இரண்டையும் ஒட்டி எழுதி, இரண்டையும் தானே கண்டுபிடித்ததாகச் சொல்லி, பதவி உயர்வும் வாங்கியவர் மூன்றாம் சாரார். இவர்களை எல்லாத் துறைகளிலும் காணலாம்.

களஆய்வில் மேனேஜரிடம் நேர்காணல் எடுக்கப்பட்டது. "தாப்பா எதுக்கு சார்? கீழ நாங்க கீறோம்ல" என்றார். அவர்கள் கீழே இருந்தது உண்மை. கீழே இருந்தார்கள், தூங்கினார்கள்.

பட்டினத்தார் அடங்கிய ஊர் திருவொற்றியூர். எல்லாவற்றையும் துறந்துவிட்டு வந்தவருக்குத் தாழ்ப்பாள் தேவைப்பட்டிருக்காது. கல்யாணத்துக்கு வந்தவன் நிலை அப்படியல்ல. மொய்க் கவர், பட்டு வேட்டி, மனைவி நம்பிக் கொடுத்தனுப்பிய நெக்லஸ் எல்லாம் பையில். எனவே தாழ்ப்பாள் பதிலிகள் பற்றிய சோதனை தொடங்கியது. பிளாஸ்டிக் நாற்காலியைச் சாய்த்துக் கைப்பிடிக்குக் கீழே முட்டுக் கொடுத்தால் வழுக்கிக்கொண்டு போயிற்று. பெட்டி பாரம் போதவில்லை. கட்டில் சுவரோடு போல்ட் போடப்பட்டிருந்தது. கதவுக்கு இல்லாத போல்ட் கட்டிலுக்கு இருந்ததைக் குறித்துக்கொண்டேன். எஞ்சியது வாளி. கழுத்துவரை தண்ணீர் பிடித்துக் கதவோரம் வைத்து, சங்கிலியில் தொங்கிய மக்கை விளிம்பில் நிறுத்தினேன். கதவு அசைந்தால் மக் விழும், சங்கிலி கலகலக்கும். நிர்வாகம் தன் சொத்தைக் காக்கப் போட்ட சங்கிலி விருந்தினரைக் காக்கவும் உதவும் என்ற இந்தக் கண்டுபிடிப்பு, இந்த ஆய்வின் தனிப் பங்களிப்பு.

நள்ளிரவுக்குப் பின் சோதனை வெற்றி பெற்றது. சாவி திரும்பும் சத்தம், கதவு திறந்தது, மக் விழுந்தது, வாளி சாய்ந்தது, வெள்ளம் என் செருப்பை மிதக்கவிட்டது. வாசலில் லுங்கி கட்டிய ஒருவர், கையில் சாவி.

"ஏனுங்க, இது இருநூத்தி நாலுங்களா?"

"இருநூத்தி மூணு."

"சாவி தொறந்துச்சுங்களே!"

கன்டெய்னர் லாரி டிரைவர். கொங்குநாட்டுக்காரர். துறைமுகத்துக்குப் போகும் வரிசையில் எண்ணூர் நெடுஞ்சாலையில் நெடுநேரம் நின்று அலுத்து, ஒரு ராத்திரியாவது கால் நீட்டிப் படுக்கலாம் என்று வந்தவர். நனைந்த தரையைப் பார்த்து என்னைவிட அவர்தான் அதிகம் வருந்தினார். "உள்ள தாப்பா போட்டுக்கப்படாதுங்களா?" என்று கேட்டார். கதவைக் காட்டினேன். துளைகளை விரலால் தடவிப் பார்த்தார். தன் அறையிலும் அதேதான் என்று பார்த்துவிட்டு வந்து சொன்னார். பிறகு, "நம்ம வண்டியில படுத்தா உள்ள லாக் இருக்குங்க" என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். வாடகை கொடுத்த அறையை விட்டு லாரி கேபினுக்குத் தூங்கப் போனவரின் இந்தக் கூற்றைவிடச் சிறந்த மேற்கோள் எந்த நூலகத்திலும் கிடைக்காது. எண்ணூரில் லாரி செய்பவர்களுக்குத் தெரிந்தது அடுத்த தெருவில் லாட்ஜ் நடத்துபவருக்குத் தெரியவில்லை என்பதோடு மையச் சிக்கல் தீர்ந்தது.

காலையில் இது குறித்து முறையிட்டபோது மேனேஜர் பேசவில்லை. சுவரைக் காட்டினார். சுவரில் பலகை. விலையுயர்ந்த பொருட்களைக் கவுன்டரில் ஒப்படைக்கவும். மீறித் தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல. கோவலன் ஒற்றைச் சிலம்பை, அடைக்கலம் தந்த மாதரி வீட்டுக் கவுன்டரில் ஒப்படைத்து ரசீது வாங்கியிருந்தால் மதுரை தப்பியிருக்கும் என்பாரும் உளர். மாதரி வீட்டில் கவுன்டர் இல்லை. ஆனால் அவள் பொறுப்பல்ல என்று பலகை மாட்டியவளும் இல்லை. அடைக்கலம் இழந்த துயரம் தாங்காமல் உயிரையே விட்டவள்.

பொறுப்பல்ல என்று எழுதி மாட்டிவிட்டால் பொறுப்புப் போய்விடுமா என்பதை உச்ச நீதிமன்றமே விசாரித்திருக்கிறது. 1998இல் தில்லி தாஜ் மகால் ஓட்டலுக்கு வந்த ஒருவர் தன் மாருதி ஜென் காரின் சாவியை ஓட்டல் ஊழியரிடம் கொடுத்தார். சீட்டில் வழக்கமான வாசகம்: உங்கள் பொறுப்பில் நிறுத்துகிறீர்கள். வேறு சில இளைஞர்கள் சாவியை எடுத்துக்கொண்டு காரோடு போய்விட்டார்கள். 2019 நவம்பரில் தீர்ப்பு வந்தது. காரை வாங்கி வைத்துக்கொண்ட ஓட்டல் தகுந்த கவனம் எடுத்ததாகக் காட்டியாக வேண்டும். தன் அலட்சியத்துக்கு அந்தச் சீட்டைக் காட்டித் தப்ப முடியாது. தீர்ப்பு காரைப் பற்றியது, தாழ்ப்பாளைப் பற்றியதன்று. ஆனால் ஒருத்தன் சாவி இன்னொருத்தன் கதவைத் திறப்பது அலட்சியம் இல்லையென்றால், அலட்சியம் என்று எதைச் சொல்வது?

இக்கட்டுரை ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கில் வாசிக்கப்பட இருந்தது. பன்னாட்டுக் கருத்தரங்கு என்பது யாழ்ப்பாணத்திலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ ஒருவர் ஜூமில் வந்து, "கேட்குதா?" என்று கேட்டுவிட்டுப் போவது. பதிவுக் கட்டணம், ஒரு பை, ஒரு பேனா, மதியம் சாம்பார் சாதம், ஆளுக்கு ஐந்து நிமிடம். தலைமை தாங்கியவர் ஐந்து நிமிடத்தில் தாழ்ப்பாள் அடங்காது என்று சொல்லிவிட்டார். எனக்கு முன்னால் பேசியவருக்குச் சங்க காலம் முழுதும் அடங்கியது.

வாசகருக்கு நடைமுறைக் குறிப்பு. பணம் கட்டுமுன் மாடிக்குப் போய்க் கதவை உள்ளிருந்து சாத்திப் பாருங்கள். பில் கேட்டால் ஜி.எஸ்.டி. சேரும் என்று பயமுறுத்துவார்கள். ஆயிரம் ரூபாய்க்குள் உள்ள அறைக்கு இருந்த வரிவிலக்கு 2022 ஜூலையிலேயே போய்விட்டது, 2025 செப்டம்பரிலிருந்து வரி 5 சதவீதம்தான், சேரட்டும் என்று சொல்லுங்கள். குறை இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் சரிப்படாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். எதற்கும் பில் வேண்டும். எனக்குக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்கள்.